உறுதி வரட்டும் என்று காத்திருந்தவர்: நிலையாக நில்லாத பாலின அடையாளம் குறித்த நிகழ்வு ஆய்வு

இங்கே 'மதி' என்று நான் குறிப்பிடுபவர் தனி ஒருவர் அல்லர். ஏறத்தாழ ஒரே வகைக் குழப்பத்தோடு ஆலோசனைக்கு வந்த சிலரின் அனுபவங்களை ஒன்றாக்கி, தொழிலையும் குடும்ப விவரங்களையும் மாற்றி எழுதியிருக்கிறேன். பாலின அடையாளம் பற்றிய நிகழ்வு ஆய்வுகளில் பெரும்பாலானவை தெளிவான கதைகள்: சின்ன வயதிலேயே தெரிந்தது, மறைத்தார், ஒருநாள் சொன்னார், மாறினார். அந்தக் கதைக்குள் அடங்காதவர்கள், தங்களுக்குக் கதையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த ஆய்வை எழுதக் காரணம் அதுதான்.

வந்தபோது

மதிக்கு வயது 31. பிறப்பில் பெண் எனப் பதியப்பட்டவர். ஆய்வகத் தொழில்நுட்பர். மணமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தூக்கமின்மைக்காக அவருடைய மருத்துவர் அனுப்பிவைத்திருந்தார். முதல் அமர்வில் வேலைப்பளு, பின்னிரவு வரை விழித்திருப்பது, காரணமே இல்லாமல் வரும் எரிச்சல் என்று பேசிக்கொண்டிருந்தவர், நேரம் முடியப்போகும்போது சொன்னார்: "இன்னொண்ணு இருக்கு. ஆனா அது நெசமான்னு எனக்கே தெரியல."

அந்த இன்னொன்று என்னவென்று முழுதாக வெளிவரச் சில வாரங்கள் ஆயின. சில நாட்களில் பெண்ணாக இருப்பதில் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. உடை, பேச்சு, தோழிகளோடு சிரிப்பு எல்லாம் இயல்பாக வரும். வேறு நாட்களில் பெண் என்று யாரேனும் குறிப்பிட்டாலே உடம்பு கூசும். அந்த நாட்களில் ஆண் என்பதும் பொருந்தாது. எப்போதோ ஒருமுறை, சில மணி நேரம், ஆணாகவே தன்னை உணர்வதுண்டு. மார்பு மட்டும் எந்த நாளிலும் தன்னுடையதாகத் தோன்றியதில்லை. கண்ணாடியைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது பதின்பருவத்திலிருந்தே பழக்கம்.

இதைவிட அவரை அதிகம் வதைத்தது இதைப் பற்றிய அவருடைய தீர்ப்பு. பெண் எனப் பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகள் எழுதிய தன்வரலாறுகளை இரவெல்லாம் தேடிப் படித்திருந்தார். அவர்களில் பலருக்கு நினைவு தெரிந்த நாள் முதல் சந்தேகமே இல்லை. மதிக்கோ சிறுவயதில் பொம்மை, சடை, தோழிகள் எல்லாம் பிடித்தே இருந்தன. "அவங்களுக்கு இருக்கறது நெசம். எனக்கு வந்துட்டு வந்துட்டுப் போகுது. அப்போ நான் நடிக்கிறேன்னுதானே அர்த்தம்?" என்றார். காலையில் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்ற எண்ணம் அவ்வப்போது வருவதாகவும் சொன்னார். திட்டம் எதுவும் இல்லை, தன்னைக் காயப்படுத்திக்கொண்டதும் இல்லை. ஆனாலும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் எடுத்தோம். அந்த எண்ணம் வரும் நேரங்கள், அப்போது அழைக்க வேண்டியவர்கள், இரவில் செய்யக்கூடியவை, கூடாதவை எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டார்.

மதிப்பீடு

இப்படி ஒருவர் வரும்போது ஆலோசகர் இரண்டு வகையில் தவறலாம். "இது மனப் பிரச்சினை, சரிசெய்தால் போய்விடும்" என்று எல்லாவற்றையும் வேறு ஏதாவது நோயின் கணக்கில் எழுதிவிடலாம். அல்லது "நீங்கள் இன்னார்தான்" என்று முதல் மாதத்திலேயே பெயர் சூட்டி அனுப்பிவிடலாம். இரண்டாவது தவறு அன்பாகத் தெரியும். ஆனால் தேடிக்கொண்டிருப்பவரின் தேடலை அது பிடுங்கிக்கொள்கிறது.

உணர்வு நாளுக்கு நாள் மாறுகிறது என்றதும் எழும் முதல் கேள்வி இருதுருவ மனநிலைக் கோளாறு. மதியிடம் தூக்கத் தேவை குறைந்து ஆற்றல் பெருகும் காலங்கள் இல்லை. செலவிலோ பேச்சிலோ கட்டுப்பாடு இழந்ததும் இல்லை. பாலின உணர்வு மாறிய நாட்களில் மனநிலை மாறவில்லை. பல நாட்களில் 'பெண் அல்லாத' நாட்களே அவருக்கு அமைதியான நாட்களாகவும் இருந்தன. நினைவு துண்டுபடுவது, தான் வேறு ஆளாகி என்ன செய்தோம் என்று தெரியாமல் போவது போன்ற அறிகுறிகள் இல்லை. குழந்தைப் பருவ வன்முறை அனுபவமும் இல்லை. இருந்திருந்தாலும் அதனாலேயே அடையாளம் பொய்யாகிவிடாது. ஆனால் மதியின் மனத்தில் அந்தக் கேள்வி இருந்ததால் வெளிப்படையாகவே பேசினோம்.

ஆட்டிசம் குறித்தும் பார்த்தோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு 2020இல் வெளியிட்ட ஆய்வில், திருநர்களும் பாலினப் பன்மையினரும் ஆட்டிசம் உள்ளவராக இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 3 முதல் 6 மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. இத்தகைய ஒருவருக்கு உடையின் உரசல் தரும் தொல்லையையும் பாலினம் தரும் தொல்லையையும் பிரித்தறிய உதவி தேவைப்படலாம். மதியிடம் அதற்கான சான்று இல்லை.

மாதவிடாய் நாட்களில் உளைச்சல் கூடியது உண்மை. ஆனால் அந்த நாட்களைக் கழித்துப் பார்த்தாலும் ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது.

எஞ்சியது எண்ணச் சுழற்சிக் கோளாறு, அதாவது ஓசிடி. இங்கேதான் மதியின் நிலை சிக்கலானது. 'நான் யார்' என்ற சந்தேகமே சிலருக்கு ஓசிடியின் உள்ளடக்கமாக அமையும். அப்போது அந்த எண்ணம் அச்சமாக மட்டுமே வரும். வேறு பாலினத்தவராகத் தன்னைக் கற்பனை செய்தால் நிம்மதி வராது, பதற்றமே மிஞ்சும். மதிக்குக் கற்பனையில் நிம்மதி வந்தது. தட்டையான மார்போடு, எந்தப் பாலினமாகவும் பார்க்கப்படாமல் தெருவில் நடப்பதை விவரித்தபோது அவர் குரலே இறங்கி இயல்பானது. அதே சமயம் அவர் இரவுதோறும் செய்தது ஓசிடியில் நாம் காணும் சரிபார்ப்பேதான். இணையத்தில் பாலினத் தேர்வுகளை எழுதுவது, கண்ணாடி முன் நின்று "இன்னிக்கு நான் என்ன?" என்று கேட்பது, பழைய புகைப்படங்களில் முகபாவம் தேடுவது, மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது. அடையாளம் உண்மையாகவும், அதைச் சுற்றிய சந்தேகம் நோயாகவும் ஒருவரிடமே சேர்ந்து இருக்க முடியும். ஒன்றைக் கண்டதும் மற்றதை மறுக்கத் தேவையில்லை.

நோயறிதல் கையேடுகளைப் பொறுத்தவரை மதி எதிலும் விளிம்பில் இல்லை, தெளிவாக உள்ளேயே வருகிறார். அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5, 'பாலின அடையாளக் கோளாறு' என்பதை நீக்கிப் 'பாலின மனவுளைச்சல்' என்பதை வைத்தது. பெரியவர்களுக்கான அதன் அளவுகோல் ஆறு மாதமாவது நீடித்த பொருத்தமின்மையையும், ஆறு அடையாளங்களில் இரண்டையாவது, வாழ்வைப் பாதிக்கும் துயரத்தோடு சேர்த்துக் கேட்கிறது. எதிர்ப்பாலினமாக இருக்கும் விருப்பம் மட்டுமல்ல, பதியப்பட்ட பாலினத்திலிருந்து மாறுபட்ட வேறு பாலினமாக இருக்கும் விருப்பமும் அதில் சேரும். உலகச் சுகாதாரப் பேரவை 2019இல் ஏற்று 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாடான ஐசிடி-11 இன்னொரு படி போனது. பாலினப் பொருந்தாமையை மனநோய்களுக்கான அத்தியாயத்திலிருந்தே எடுத்து, பாலியல் நலம் சார்ந்த பகுதியில் வைத்தது. துயரத்தைக் கட்டாயமாக்கவும் இல்லை. இதை மதிக்கு விளக்கியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்போ கஷ்டப்பட்டாத்தான் நெசம்னு இல்லையா?"

எழுதிப் பார்த்தது

எந்த நாள் எந்தப் பாலினம் என்று எழுதச் சொல்லவில்லை. அது சரிபார்ப்பையே வளர்த்திருக்கும். உடல் சார்ந்த கூச்சம், பிறர் தன்னைப் பார்க்கும் விதத்தால் வரும் கூச்சம், எதிர்பாராமல் வந்த நிம்மதி என்ற மூன்றை மட்டும் தனித்தனியாக, நடந்த இடத்தோடு, வாரத்தில் சில முறை குறிக்கச் சொன்னேன்.

சில மாதக் குறிப்புகளைப் பரப்பிப் பார்த்தபோது, அதுவரை மதி 'மாறிக்கொண்டே இருப்பது' என்று சொன்னது ஒரே பொருள் அல்ல என்று தெரிந்தது. மார்பு பற்றிய உளைச்சல் மாறவே இல்லை. 'பெண்ணாக இருந்த' நல்ல நாட்களிலும் அது குறைந்த சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் தளர்ந்த மேலாடை அணிவதை அவரே கவனித்ததில்லை. மாறியது சமூகம் சார்ந்த கூச்சம். பெண்கள் மட்டும் கூடும் இடங்களில் அது உச்சிக்குப் போனது. பணியிடத்தில், தலை முதல் கால் வரை பாதுகாப்பு உடையும் முகக்கவசமும் அணிந்து நிற்கும் நேரங்களில் முற்றிலும் இல்லாமல் போனது. நிம்மதி என்ற பத்தியில் அடிக்கடி வந்த இடம் ஆய்வகம். அவர் ஏன் கூடுதல் பணிநேரங்களைத் தானாகக் கேட்டு வாங்கினார் என்பது அன்றுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது.

தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் போன்ற பாலியல் சிறுபான்மையினர் சுமக்கும் அழுத்தத்தை ஆய்வாளர் இலான் மேயர் 2003இல் ஒரு கோட்பாடாக வகுத்தார். பாகுபாடு மட்டுமல்ல, அது வருமோ என்ற எதிர்பார்ப்பும், மறைத்து வாழ்வதும், பிறரின் இழிவை உள்வாங்கித் தன்னையே இழிவாகப் பார்ப்பதும் உடலையும் மனத்தையும் தேய்க்கின்றன என்பது அதன் சாரம். திருநர்களின் வாழ்வுக்குப் பின்னாளில் பிற ஆய்வாளர்கள் அதை விரித்தார்கள். மதியை யாரும் ஒருபோதும் அவமதித்ததில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. அவரைத் தேய்த்தவை மற்ற மூன்றும்.

எல்லாம் இந்தப் பிரிப்பில் அடங்கிவிடவில்லை. சூழல் ஒன்றாகவே இருந்தும் ஒரு வாரம் பெண்ணாகவும் மறு வாரம் அப்படியில்லாமலும் உணர்ந்தது குறிப்புகளில் தெளிவாக இருந்தது. அதற்கு நாங்கள் காரணம் தேடவில்லை. தன்னைப் பெண்ணாக மட்டுமே உணர்பவரிடம் ஏன் என்று யாரும் காரணம் கேட்பதில்லை.

உறுதி என்ற நிபந்தனை

மதியின் உள்ளே ஒரு வரிசை இருந்தது. முதலில் நூறு விழுக்காடு உறுதி. பிறகு தன்னை ஏற்பது. பிறகு பிறரிடம் சொல்வது. முதல் படியே ஏற முடியாததாக இருந்ததால் பத்து ஆண்டுகளாக அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அந்த வரிசை தவறு என்பதே இந்த நிகழ்வில் நான் கண்ட முதன்மையான செய்தி. மதி விசாரணைக் கூண்டில் நின்றபடி தன்னைத் தேடிக்கொண்டிருந்தார். கூண்டில் நிற்கும் யாருக்கும் தன் நினைவுகளே சந்தேகமாகத்தான் தெரியும். ஏற்பு முதலில் வந்தால்தான் தெளிவுக்கு இடம் கிடைக்கும்.

நடைமுறையில் இது இரண்டு வேலைகளாயிற்று. ஒன்று, சரிபார்ப்பைக் குறைப்பது. கண்ணாடிக் கேள்வி, தேர்வுகள், புகைப்பட ஆய்வு ஒவ்வொன்றையும் தள்ளிப்போடவும், வரும் பதற்றத்தை விடை தேடாமல் இருக்க விடவும் பழகினார். இது ஓசிடிக்குச் செய்யும் அதே சிகிச்சைதான். ஆனால் இங்கே அடையாளத்தை விரட்டுவது நோக்கமல்ல என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டியிருந்தது. இரண்டு, உறுதி இல்லாமலே சிறு செயல்களைச் செய்து பார்ப்பது. முடியைக் குட்டையாக வெட்டினார். நெருங்கிய நண்பர் ஒருவரிடம் மட்டும் சொன்னார். "நான் இப்படின்னு நினைக்கிறேன், மாறினா மாறட்டும்" என்பதுதான் அவர் சொன்ன வாசகம். அந்த வாசகத்தைத் தயாரிக்கவே பல அமர்வுகள் ஆயின.

இடையில் ஒருநாள், எல்லோருமே உள்ளுக்குள் கொஞ்சம் இப்படித்தானே என்று கேட்டார். நியாயமான கேள்வி. டாஃப்னா ஜோயலும் உடன் ஆய்வாளர்களும் இஸ்ரேலில் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், தங்களை வழக்கமான ஆண், பெண் என்றே கருதியவர்களில் 35 விழுக்காட்டுக்கும் மேலானோர், தாங்கள் ஏதோ ஓர் அளவில் எதிர்ப்பாலினமாகவோ இரண்டுமாகவோ இரண்டும் அல்லாதவராகவோ உணர்வதாகச் சொன்னார்கள். இதைக் கேட்டதும் மதிக்கு முதலில் கலக்கம், தன்னுடையது ஒன்றுமில்லை என்றாகிவிடுமோ என்று. பிறகு அதையே வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். கலவையாக உணர்வது மனிதருக்குப் பொதுவானது என்றால், தான் விபரீதம் அல்ல. அந்தக் கலவை தன் வாழ்வை நெரிக்கிறது என்றால், அதற்கு உதவி கேட்பது நடிப்பும் அல்ல.

தன்னைக் குறிக்க எந்தப் பெயரைத் தேர்ந்தார் என்று சக ஆலோசகர்கள் கேட்பதுண்டு. சில மாதங்கள் ஜெண்டர்ஃப்ளூயிட், அதாவது பாலின உணர்வு மாறிக்கொண்டிருப்பவர் என்றார். பிறகு நான்பைனரி, அதாவது ஆண், பெண் என்ற இருமைக்குள் அடங்காதவர் என்று மட்டும் சொல்லத் தொடங்கினார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவரும்தான்.

கணவர்

கணவரிடம் மதி சொன்னது ஓர் இரவில், பாதி அழுகையில். அவர் கோபப்படவில்லை, பல நாட்கள் பேசவே இல்லை. பிறகு இருவரும் சேர்ந்து வந்தார்கள். கணவரின் முதல் கேள்வி, "இத மாத்த முடியாதா?" அந்தக் கேள்வியில் வெறுப்பு இல்லை, பயம் இருந்தது. பாலின அடையாளத்தை மாற்ற முயலும் சிகிச்சைகள் தீங்கானவை என்று அமெரிக்க உளவியல் கழகம் 2021இல் தீர்மானமே நிறைவேற்றியிருப்பதை எடுத்துச் சொல்லி, அதை இங்கே செய்ய மாட்டேன் என்றேன். இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் எளிதாக இல்லை: "அப்போ இத்தனை வருஷமா நான் யாரோட வாழ்ந்தேன்?"

மதி பதில் சொல்லத் தொடங்கியதும் கணவர் சமாதானமாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நான் நிறுத்தினேன். ஏற்றுக்கொள்ளும் நல்லவராக இருக்க வேண்டும் என்ற அவசரத்தில் துணைவர்கள் தங்கள் இழப்பை விழுங்கிவிடுகிறார்கள். பின்னால் அது வேறு சண்டையாக வெளிவருகிறது. கணவருக்கு இழப்பு இருந்தது. தன் மனைவி என்று மனத்தில் வரைந்திருந்த உருவம், மார்பைத் தொடக்கூடாது என்று மதி பல ஆண்டுகளாகக் காரணம் சொல்லாமல் விலகியதைத் தன்மேல் உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொண்ட வலி. கடைசியாகச் சொன்னதைப் பேசியதில்தான் இருவருக்கும் இடையே ஏதோ நெகிழ்ந்தது. "என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன்" என்றார் அவர். "என்னையே எனக்குப் பிடிக்கலடா" என்றார் மதி.

தொடுதலில் எது சரி, எது இன்று வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லும் பழக்கத்தை உருவாக்கினார்கள். 'மனைவி' என்று அறிமுகப்படுத்துவது மதிக்கு உறுத்தவில்லை. அது இந்த ஒருவரோடுள்ள உறவின் பெயர் என்றார். கூட்டமாகப் பெண்களோடு சேர்த்துச் சொல்வதுதான் உறுத்துகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளக் கணவருக்குப் பல மாதங்கள் ஆயின. இப்போதும் சில நாட்கள் தவறுகிறார், திருத்திக்கொள்கிறார்.

உடல்

மதி மருத்துவ உதவியை நாடாமல் இருந்ததற்கு ஒரு காரணம், தன்னை ஆண் என்று அறிவித்தால்தான் யாரும் சிகிச்சை தருவார்கள் என்ற நம்பிக்கை. முன்பு பல இடங்களில் நிலைமை அப்படித்தான் இருந்தது. திருநர் நலத்துக்கான உலகத் தொழில்முறைக் கழகமான டபிள்யூபாத், 2022இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டியில், இருமைக்கு அப்பாற்பட்டவர்களுக்கென்றே தனி அத்தியாயம் சேர்த்தது. ஹார்மோன் எடுக்காமலே மார்பு அறுவைசிகிச்சையை மட்டும் நாடுவதும் ஏற்கத்தக்க வழி.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பற்றி விரிவாகப் பேசினோம். மாதவிடாய் நிற்பது போன்ற சில விளைவுகள் மருந்தை நிறுத்தினால் திரும்பலாம். தடித்த குரல் திரும்பாது. தன் குரல் தனக்குப் பிடிக்கும் என்றார் மதி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குள் அவர் தானாகவே மார்பை இறுக்கிக் கட்டத் தொடங்கியிருந்தார், மீள்விசைக் கட்டுத் துணியால் (எலாஸ்டிக் பேண்டேஜ்). இதை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. மூச்சு விட விரியும் விலாவை அது மேலும் மேலும் இறுக்கும். மார்பைக் கட்டும் 1,800 பேரிடம் நடத்தி 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில் 97 விழுக்காட்டினர் வலி, மூச்சுத்திணறல், தோல் தொல்லை போன்ற ஏதேனும் ஒரு பாதிப்பையாவது சொன்னார்கள். அதே ஆய்வில், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்பதைவிட வாரத்தில் எத்தனை நாள் என்பதே பாதிப்போடு அதிகம் தொடர்புபட்டிருந்தது. மதிக்கு இது சாதகமாயிற்று. மார்பைத் தட்டையாகக் காட்ட அளவெடுத்து வாங்கிய பைண்டர் என்ற உள்ளாடை, பொதுவாகச் சொல்லப்படும் எட்டு மணி நேர வரம்பு, உறங்கும்போது கூடாது, வாரத்தில் கட்டாயமாகச் சில நாட்கள் ஓய்வு. ஓய்வு நாட்களில் பைண்டரால் கிடைத்த நிம்மதி போய்விடுமே என்று பயந்தார். தளர்ந்த உடையும், அன்று செல்ல வேண்டிய இடங்களைத் தேர்ந்தெடுப்பதும் ஓரளவு ஈடுகட்டின.

இப்போதைய நிலை

தொடங்கி ஒன்றரை ஆண்டுக்கு மேலாகிறது. தூக்கம் சீராகிவிட்டது. விழிக்காமல் போகும் எண்ணம் பல மாதங்களாக வரவில்லை. கண்ணாடிக் கேள்வி எப்போதாவது எழுகிறது. எழும்போது பல் துலக்கிவிட்டு வந்துவிடுகிறார். பணியிடத்தில் மேலாளருக்கும் இரு சக ஊழியர்களுக்கும் தெரியும். தாய்க்குத் தெரியாது. சொல்லும் எண்ணம் இப்போதைக்கு இல்லை, அதைக் குறையாக நான் எழுதமாட்டேன்.

இன்று மேசையில் இருக்கும் விஷயம் வேறு. மதிக்கும் கணவருக்கும் குழந்தை வேண்டும். சுமக்க மதிக்கு விருப்பம்தான். ஆனால் கருவுற்றால் மார்பு பெரிதாகும். பால் சுரக்கும் காலத்தில் இறுக்கிக் கட்டினால் பால் நாளங்கள் அடைபட்டு அழற்சி வரலாம் என்பதால் பைண்டருக்கும் நீண்ட இடைவெளி தேவை. அறுவைசிகிச்சையை முன்பே செய்துகொண்டால் பாலூட்டும் வாய்ப்பு பெரிதும் குறையும். எஞ்சியிருக்கும் திசு கர்ப்ப காலத்தில் வீங்கவும் கூடும். பின்னால் செய்வதென்றால் அந்த மாதங்களைத் தாங்க வேண்டும். "தாங்கிடுவேன்னு தோணுது, ஆனா தெரியல" என்றார் சென்ற அமர்வில், பதற்றமில்லாமல். மகப்பேறு மருத்துவரையும் அறுவைசிகிச்சை நிபுணரையும் இருவரும் தனித்தனியே சந்திக்க நாள் குறித்திருக்கிறார்கள். மார்பு உளைச்சல் கூடினால் யார் என்ன செய்வது என்ற பட்டியலை, முதன்முதலில் எழுதிய அந்தப் பாதுகாப்புத் தாளைப் போலவே, இம்முறை கணவரும் உடனிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறோம்.